நெஞ்சில் ஏறி உட்காரும் பயம்



எங்கள் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி பெறும் மாணவி ஒருத்தி, ஊருக்கே திரும்பிவிடுவதாகப் பெட்டியைக் கட்டிவிட்டாள். வெகு நேரம் அழுத பின்பே காரணம் சொன்னாள். இரவுப் பணி முடித்துக் காலையில் படுத்தால், திடீரென விழிப்பு வருகிறதாம். கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை, கூப்பிடக் குரல் எழும்பவில்லை. கறுத்த உருவம் ஒன்று கதவருகே நின்று, மெதுவாக வந்து நெஞ்சில் உட்காருகிறதாம். "வார்டில் இறந்தவர்தான் என்னைத் தொடர்ந்து வருகிறார்" என்றாள். அவளை இரவு முழுவதும் கண்விழித்து ஜெபிக்க வைக்க வேண்டும் என்று தாயார் சொல்லியனுப்பியிருந்தார்.

நம் ஊர்களில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். ஜப்பானியர் கனாஷிபாரி என்பார்கள். 1781-இல் ஹென்றி ஃபூசெலி என்ற ஓவியர், உறங்கும் பெண்ணின் மார்பில் குறளி ஒன்று குந்தியிருப்பதாக வரைந்தார். தேசம் வேறு, பாஷை வேறு, பயம் ஒன்றே.

நடப்பது இதுதான். நாம் கனவில் ஓடும்போது உடலும் எழுந்து ஓடிவிடாதபடி, மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில வேளை மனம் முந்திக்கொண்டு விழித்துவிடுகிறது; தசைகளின் கட்டு இன்னும் அவிழ்வதில்லை. கனவின் மிச்சம் அறைக்குள் உருவமாகத் தெரிகிறது. மூச்சு நிற்பதில்லை, மார்புத் தசைகள் தளர்ந்திருப்பதால் பாரம்போல் தோன்றுகிறது. சில வினாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் தானே விலகும். 2011-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பின்படி, பொதுமக்களில் 100-க்குச் சுமார் 8 பேரும், மாணவர்களில் 28 பேரும் வாழ்நாளில் ஒரு முறையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம். அந்த நேரத்தில் போராடாதீர்கள். நிதானமாக மூச்சு விட்டு, ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். தூக்கத்தைக் குறைக்காதீர்கள், தூக்கம் கெட்டால் இது அதிகமாகும். அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

தொடர்ந்து இரவுப் பணி கொடுத்தது எங்கள் தவறு. பகல் பணிக்கு மாற்றினோம். பெட்டியை அவிழ்த்தாள். விடுதியில் இன்னும் மூன்று பேர், "எனக்கும் வரும், சொல்ல வெட்கமாயிருந்தது" என்றார்கள். பிறகும் இருமுறை வந்ததாம். "விரலை அசைத்தேன், போய்விட்டது" என்றாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிச் சொன்னால் சிரிக்காதீர்கள், பயமுறுத்தாதீர்கள். அருகில் உட்கார்ந்து கேளுங்கள். ஜெபியுங்கள்; ஜெபித்துவிட்டுப் பிள்ளையைத் தூங்க விடுங்கள்.