விழுப்புரம் வரை ஒரு விவாதம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பயணத்தில் கண்டதும் கேட்டதும்" என்று தலைப்புக் கொடுத்து, பத்து நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்று நம் செயலாளர் சொல்லியிருக்கிறார். உயர் மின்னழுத்தக் கம்பி போகும் பாதைக்கு இடம் அளப்பது என் தொழில். மாதத்தில் இருபது நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் ஜீப்பிலும் கழிகிறது. ஆகவே நான் கண்டது கொஞ்சம், கேட்டதுதான் அதிகம். அப்படிக் கேட்டவற்றில் "இதுக்குப் பின்னாடி ஒரு சதி இருக்கு சார்" என்று தொடங்கும் கதைகளைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கிய சில நாட்களில் வைகை எக்ஸ்பிரஸில் போய்க்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு தாண்டியதும் பேச்சு நிலாவுக்குத் திரும்பியது. பக்கத்து இருக்கையில் ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர். "1969ல அமெரிக்காக்காரன் நிலாவுக்குப் போனான்னு சொல்றதெல்லாம் சினிமா தம்பி. காத்தே இல்லாத இடத்துல கொடி எப்படிப் பறக்கும்? வானத்துல ஒரு நட்சத்திரம்கூட இல்லியே?" என்றார்.

விடுவேனா நான்? கொடி தொங்காமல் இருக்க மேலே குறுக்காக ஒரு கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள் என்றேன். பளீரென்ற வெயிலில் தரையைப் படமெடுக்கக் கேமராவின் கண்ணை இமைக்கும் நேரம்தான் திறப்பார்கள், அதில் மங்கலான நட்சத்திரம் பதியாது என்றேன். அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் இன்றும் லேசர் ஒளியை அடித்து, அது சுமார் இரண்டரை விநாடியில் திரும்பி வருவதை அளக்கிறார்கள் என்றேன். பொய்யாக இருந்தால் அன்றைய சோவியத் யூனியன் சும்மா விட்டிருக்குமா என்றும் கேட்டேன். எதிர் இருக்கைக்காரர்கள் தலையாட்டினார்கள். விவாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வண்டி விழுப்புரத்தில் நின்றது. பெரியவர் ஜன்னல் வழியாகப் பெயர்ப் பலகையைக் காட்டினார். "இப்ப நிலாவுல இறக்கினாரே வீரமுத்துவேல், அவர் இந்த ஊர்க்காரர். ரயில்வேக்காரர் பிள்ளை. இது நெஜம். நீங்க சொன்னது எனக்கு ஒண்ணும் புரியல" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி படுத்த பிறகு அது சிரிப்பாகத் தெரியவில்லை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் படித்து வளர்ந்தவர். பெரியவர் நம்பியது அந்த மனிதரை. இறங்கு கலத்தின் கணக்கை அவர் பார்க்கவில்லை. பார்க்கப் போவதும் இல்லை.

இதே பாடத்தை என் வீட்டில் ஏற்கெனவே படித்திருந்தேன். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள். ஆட்டிசம் வரும், பின்னால் குழந்தை பிறக்காது, வெளிநாட்டுக்காரன் நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறான் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. பள்ளியில் ஊசி போடும் நாளில் என் அக்கா இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

போன் போட்டுக் கத்தினேன். ஆட்டிசப் பேச்சுக்கு மூலம் 1998இல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை, அதில் பார்த்தது வெறும் பன்னிரண்டு குழந்தைகளை, 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்று அடுக்கினேன். "நீ என்ன டாக்டரா? கம்பி இழுக்கிறவன்தானே!" என்று போனை வைத்துவிட்டாள். ஒரு வாரம் பேசவில்லை.

அவள் மனத்தை மாற்றியவர் அந்தப் பகுதி நர்ஸம்மா. பிரசவ காலத்திலிருந்து அக்காவைத் தெரிந்தவர். வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "எதுக்குப் பயப்படுறே, அதச் சொல்லு" என்று கேட்டாராம். அக்கா சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லையாம். பிறகு, "காய்ச்சல் வந்தாலும் வரும். வந்தா ராத்திரின்னாலும் எனக்குப் போன் பண்ணு. ஆனா கர்ப்பமா இருக்கும்போது ரூபெல்லா வந்தா வயித்துல இருக்கிற பிள்ளைக்குக் கண்ணு, காது, இதயம் பாதிக்கும். உன் பொண்ணு நாளைக்கு ஒரு தாயாகப் போறவ" என்றாராம். மறுநாள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாயிற்று. நான் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் நான் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதற்காக, தெரிந்தவர் சொன்னால் நம்பிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அக்காவுக்கு அந்த வதந்தியை அனுப்பியவர் எங்கள் சித்தப்பாதான்! சதியே உலகத்தில் கிடையாது என்றும் சொல்லக்கூடாது. 2015இல் வெளிவந்த வோக்ஸ்வாகன் விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். சோதனைச் சாலையில் வைத்தால் புகையைக் குறைத்துக் காட்டி, ரோட்டில் இறங்கினால் அளவுக்கு மேல் கக்கும்படி டீசல் கார்களில் மென்பொருள் எழுதி வைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி வண்டிகள். எழுதியவர்கள் யார்? நம்மைப் போலப் பொறியியல் படித்தவர்கள். அது வெளிவரக் காரணம், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழு காருக்குள் கருவியை வைத்துக்கொண்டு, ரோட்டில் ஓட்டி அளந்து பார்த்ததுதான். சந்தேகப்பட்டவர்கள் அளந்தார்கள்; அளந்ததை எல்லாரும் சரிபார்க்கும்படி எழுதி வைத்தார்கள். சந்தேகம் அந்த மாதிரி வேலை செய்தால் அதற்கு நான் தலைவணங்குகிறேன். வேலை செய்யாமல் வெறுமனே ஊர் சுற்றுகிற சந்தேகம்தான் ஆளைக் கொல்கிறது.

கொல்கிறது என்பதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊரே கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். அந்த ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அதே மே மாதம், பக்கத்து மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் நான் அளந்துகொண்டிருந்தேன். முக்காலி மேல் கருவியை நிறுத்தினால் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வது வழக்கம். பையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருப்பேன். அன்று டிரைவர், "பையத் தொறக்காதீங்க சார்" என்று என் கையைப் பிடித்தார். நிமிர்ந்து பார்த்தால் பதினைந்து இருபது பேர். அடையாள அட்டையைக் காட்டினேன். "இத யார் வேணா அடிக்கலாம்" என்றான் ஒரு பையன், நம் கல்லூரியில் இன்று படிக்கிற பிள்ளைகள் வயதுதான் இருக்கும். கடிதம், கலெக்டர் ஆபீஸ் முத்திரை, எதுவும் எடுபடவில்லை. அப்போது டீக்கடை அம்மா கரண்டியோடு வந்து, "ஏய், இந்தத் தம்பி மூணு நாளா நம்ம கடையிலதான் டீ குடிக்குது. நேத்துப் பாக்கி வச்ச ஏழு ரூபாயக் காலையில வந்து குடுத்துச்சு. விடுங்கடா" என்றார். விட்டார்கள்.

நண்பர்களே, ஏழு ரூபாய் பாக்கியைக் கொடுத்ததால் நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். போளூருக்கு வந்த அந்த அம்மாவுக்காகப் பேச அந்த ஊரில் ஒரு டீக்கடை இல்லை.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தார் இல்லாத மாவட்டமே கிடையாது. படித்தவர் என்று நம் தெருவில், நம் சொந்தத்தில் நம்மை மதிக்கிறார்கள். தவறான செய்தி ஒன்று வந்தால், குரூப்பில் எல்லார் எதிரிலும் அனுப்பியவர் மூக்கை உடைக்காதீர்கள். நான் நிறைய உடைத்தவன், பலனில்லை. அவருக்கு ஒரு போன் போடுங்கள். "எதுக்குப் பயப்படுறீங்க?" என்று கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்தவரிடம் கேட்டு மறுபடியும் கூப்பிடுங்கள். நேரம் ஆகும். என் சித்தப்பாவோடு எனக்கு இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.