மேகம் மூடிய நாளும் பூஜ்யமும்

(கொடைக்கானலில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)

மன்னவனூர், கிளாவரைப் பக்கத்திலிருந்து விடியற்காலையிலேயே பேருந்து பிடித்து வந்திருப்பவர்களுக்குத் தனி வணக்கம்.

தகவல் பலகை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதற்கு நாம் குறித்துக் கொடுக்கும் நேரத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். டாஷ்போர்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். விற்பனையையும் சரக்கிருப்பையும் ஒரே திரையில் பார்க்க வணிக நிறுவனங்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. இப்போது வருகைப்பதிவு, மதிப்பெண், இடைநிற்றல் என்று நம்மிடமும் வந்துவிட்டது. அலுவலகங்களில் மட்டுமல்ல, நம்மில் சிலரே கூகுள் ஷீட்டில் பள்ளிக்கென்று ஒரு சிறு பலகை செய்து வைத்திருக்கிறோம்.

'தானாகப் புதுப்பி' என்று அமைத்துவிட்டால் எண்கள் எப்போதும் புதிதாகவே இருக்கும் என்று ஓர் எண்ணம் உண்டு. உண்மையில் அது செய்வது ஒன்றுதான். குறித்த மணிக்கு மூலத் தாளுக்குப் போகிறது. அந்த நேரத்தில் அங்கே இருப்பதை எடுத்து வருகிறது. இன்றைய எண் அங்கே வந்து சேர்ந்துவிட்டதா என்பது அதற்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு மலைப்பள்ளி. பெயர் வேண்டாம். பள்ளிக் கட்டடத்துக்குள் சிக்னல் கிடையாது. தலைமையாசிரியர் ஒன்பதரைக்கு வருகையை எடுத்து முடித்துவிடுவார். ஆனால் மதிய இடைவேளையில் மேட்டுக்கு ஏறினால்தான் அது போய்ச் சேரும். பலகையோ தினமும் காலை 10 மணிக்கு ஒரே ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. பத்து மணிக்கு அந்தப் பள்ளியின் கட்டங்கள் காலி. காலிக் கட்டங்களைக் கூட்டினால் ஷீட் 0 என்றுதான் காட்டும். தினமும் தொலைபேசி வரும்: "ஒரு பிள்ளைகூட வரலையா சார்?" சில வாரம் கழித்து அந்தத் தொலைபேசியும் நின்றுவிட்டது. அங்கே பூஜ்யம்தான் வரும் என்று எல்லோரும் பழகிவிட்டார்கள்.

எனக்குக் கவலை தருவது அந்தப் பழக்கம்தான். அதே நாட்களில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தொடர்ந்து எட்டு நாள் வரவில்லை. தொடர்ந்து வராத பிள்ளைகளைப் பலகையைப் பார்த்துத்தான் பட்டியல் எடுப்பார்கள். எல்லா நாளும் பூஜ்யமாக இருக்கும் பள்ளியில் எந்தப் பிள்ளை என்று எடுப்பது? வகுப்பாசிரியை தானே விசாரித்து, குடும்பம் வேலைக்காக வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கிப்போனதைக் கண்டுபிடித்தார். அவர் கேட்டிருக்காவிட்டால் அந்தப் பெண் எந்தக் கணக்கிலும் இருந்திருக்க மாட்டாள்.

இதற்கு விலை உயர்ந்த மென்பொருள் தேவைப்படவில்லை. புதுப்பிக்கும் நேரத்தைப் பகல் 1.30, மாலை 4.30 என்று மாற்றினார்கள். பத்து மணி என்பது அலுவலகம் திறக்கும் நேரம். தகவல் வந்து சேரும் நேரம் அல்ல. கூட்டல் கட்டத்திலும் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். ஏதாவது எண் பதிவாகியிருந்தால் கூட்டு, இல்லையென்றால் 'வரவில்லை' என்று எழுது. அவ்வளவுதான்.

காலிக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படிக்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். இதே ஊரில் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1899-இல் தொடங்கப்பட்டு, 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறது. 1904-இலிருந்து சூரியனை அன்றாடம் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். (பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிவரும்போது படகுத்துறையோடு திரும்பிவிடுகிறோம், அது வேறு கதை.) சூரியனில் புள்ளியே இல்லாத நாட்கள் உண்டு. அன்று பூஜ்யம் என்பது உண்மையான பதிவு. மேகம் மூடிய நாட்களும் உண்டு. நம் ஊரில் அதற்குக் குறைவே இல்லை. அன்று பூஜ்யம் என்று எழுதினால் அது பொய். நேற்றைய படத்தை இன்றைய தேதியில் வைத்தாலும் பொய்தான். அந்த நாள் காலியாகத்தான் இருக்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தப் படங்களை இன்றைக்கும் ஆராய்ச்சிக்கு எடுத்துப் பயன்படுத்த முடிகிறதென்றால், எது எந்த நாளின் படம் என்று தெரிவதும் ஒரு காரணம்.

நேற்றைய படத்தை இன்றைய தேதியில் வைப்பதைப் பலகைகள் சத்தமில்லாமல் செய்துவிடும். பவர் பிஐ என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புரோ உரிமத்தில் ஒரு நாளைக்கு 8 முறை வரை புதுப்பிக்க நேரம் குறிக்கலாம். தொடர்ந்து 4 முறை தோல்வியடைந்தால் அட்டவணை தானாக நின்றுவிடும். நின்ற பிறகும் பலகை வெறுமையாகாது. கடைசியாக வந்த எண்களையே அழகான வண்ணத்தில் காட்டிக்கொண்டிருக்கும். தோல்வி பற்றிய மின்னஞ்சல் பலகையின் தரவுக்கு உரிமையாளராகப் பதிவானவருக்குப் போகும். அவர் மாறுதலாகி வேறு ஒன்றியத்துக்குப் போயிருப்பார். மூலத் தாளின் கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருப்பார்கள், தோல்விக்குக் காரணமே அதுவாக இருக்கும். ஆகவே அட்டவணை போடும் அன்றே, தோல்விச் செய்தி இரண்டாவதாக ஒருவருக்கும் போகும்படி செய்துவிடுங்கள். பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவிக்கொத்தோடு இதையும் ஒப்படையுங்கள்.

நேர மண்டலத்தையும் ஒரு முறை பாருங்கள். அமைப்பு உலகப் பொது நேரத்தில் இருந்தால், நீங்கள் காலை 10 என்று குறித்தது நமக்கு மாலை 3.30. கூகுள் ஷீட்டில் நாள்தோறும் ஓடும்படி வைக்கும் தூண்டி, '9 முதல் 10 வரை' என்று ஒரு மணி நேர இடைவெளியைத்தான் கேட்கும். அதற்குள் எந்த நிமிடத்தில் வேண்டுமானாலும் ஓடும். பத்து மணிக்குக் கூட்டம் என்றால் அதை எட்டு முதல் ஒன்பதுக்கே வைத்துவிடுவது நல்லது.

அடிக்கடி புதுப்பித்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். வருகைக்கு நாளில் இரண்டு முறை போதும். பருவத் தேர்வு மதிப்பெண்ணுக்கு, எல்லாப் பள்ளியும் ஏற்றி முடித்த பிறகு ஒரே முறை. பள்ளிகளின் ஆண்டுக் கணக்கான யுடைஸ் நெடுங்காலமாகச் செப்டம்பர் 30 அன்றைய நிலையைத்தான் கேட்டு வந்திருக்கிறது. அதை மணிக்கொரு தரம் புதுப்பித்து ஆவது ஒன்றுமில்லை. பாதிப் பள்ளிகள் மட்டும் ஏற்றியிருக்கும் நேரத்தில் புதுப்பித்தால் சராசரி தாறுமாறாக ஏறி இறங்கும். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் இன்னொருவரிடம் விளக்கம் கேட்பார்.

பலகையின் மேல் மூலையில் இரண்டு நேரங்கள் எழுதியிருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். பலகை கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரம் ஒன்று. பள்ளியிலிருந்து கடைசிப் பதிவு வந்த நேரம் மற்றொன்று. பெரும்பாலான பலகைகளில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எல்லாம் புதிது என்று நம்பிவிடுகிறோம். மலைப்பள்ளிக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

அந்த இரண்டாவது கட்டத்தை எப்படிச் சேர்ப்பது என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினி அறையில் அவரவர் தாளிலேயே செய்து பார்ப்போம், கரண்ட் இருந்தால்.