வெடிமருந்தும் மனிதரும்: கடல் கடந்த விடுதலைப் போரை மதிப்பிடும் முறை



அயல்நாடுகளில் இயங்கிய இந்தியப் புரட்சியாளர்களைப் பற்றிப் பேசத் திருப்பாலைவனம் பொருத்தமான இடமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். லண்டன், பெர்லின், சிங்கப்பூர் என்று நடந்த வரலாற்றுக்கும் இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்கும் என்ன உறவு? உறவு உண்டு, அது பழையது. பக்கத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். அங்கே வெடிமருந்து செய்தார்கள். அதே துறையிலிருந்து, பஞ்சத்தில் விலைபோன சோழமண்டலக் கரை ஏழைகளை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எசமானர்கள் மாறினார்கள், துறைமுகங்களும் மாறின. ஏழைத் தமிழர் கூலிகளாக மலாயாவுக்கும் இலங்கைக்கும் போய்க்கொண்டே இருந்தார்கள். வெடிமருந்தும் மனிதரும் தனித்தனிச் சரக்காகக் கடல் கடந்த வரலாறு இது. கடல் கடந்து போன அந்த மனிதரின் கையில் ஆயுதம் வந்து சேர்ந்தபோதுதான் அயலக விடுதலைப் போர் பேரரசின் அடித்தளத்தைத் தொட்டது என்பதே நான் உங்கள் முன் வைக்கும் கருத்து.

முதல் கட்டத்தைப் பாருங்கள். 1905இல் சியாம்ஜி கிருஷ்ண வர்மா லண்டனில் தொடங்கிய இந்தியா ஹவுஸ், படித்த இளைஞர்களின் பாசறையாக இருந்தது. பாரிஸ்டர் பட்டத்துக்குப் போன வ.வே.சு. ஐயரும் சென்னை எம்.பி.டி. ஆச்சாரியாவும் அங்கே புரட்சியாளர்களானார்கள். 1909 ஜூலை 1 அன்று மதன்லால் திங்க்ரா பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டார். இந்தியா ஹவுஸ் விடுதியின் சமையற்காரர் சதுர்புஜ் அமீன் பெட்டிக்குள் மறைத்து 20 பிரவுனிங் கைத்துப்பாக்கிகளைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அவ்வாண்டு டிசம்பரில் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார். 1910இல் ஐயர் பிரிட்டிஷ் ஒற்றர்களுக்குத் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் பிரவுனிங் துப்பாக்கியால்தான். இவர்களின் துணிவை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சதி வழக்கில் 14 பேரைக் கூண்டில் ஏற்றியதும், நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுச் சிறை விதித்ததும், அந்த அமைப்பு கலைந்துபோயிற்று. சிலரைப் பிடித்தால் முடிந்துவிடும் அளவுக்கே அதன் வேர் இருந்தது. கலெக்டர் போனார், கலெக்டர் பதவி அப்படியே இருந்தது.

இரண்டாவது சான்று எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நகரமே அஞ்சி ஓடியது. ‘எம்டன்’ என்ற சொல் நம் பேச்சில் நிலைத்துவிட்டது. அக்கப்பலில் புரட்சியாளர் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்ற கதையும் கூடவே நிலைத்துவிட்டது. எம்டன் ஜூலை இறுதியில் சீனத்துச் சிங்தாவோ துறையிலிருந்து புறப்பட்டது. செண்பகராமனோ அந்த மாதங்களில் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் பெர்லினுக்குப் போய், அங்கே இயங்கிய இந்தியப் புரட்சியாளர் குழுவில் சேர்ந்தார். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாது. கதையை மறுப்பதால் செண்பகராமன் சிறுத்துவிட மாட்டார். கதை ஏன் தேவைப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டியது. குண்டு ஜெர்மானியருடையது, கப்பலும் அவர்களுடையது, போரும் அவர்களுடையது. அதில் நம்மவர் ஒருவராவது இருந்திருக்க வேண்டும் என்ற ஏக்கமே அவரைக் கப்பலில் ஏற்றியது. பெர்லின் குழுவின் குறையும் இங்கேதான் இருக்கிறது: அதற்குப் படை தர ஓர் அரசு இருந்தது, படையாக வர மக்கள் இல்லை.

மக்கள் இருந்த இடம் வேறு. 1913இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் எழுந்த கதர் இயக்கம் மரஅறுப்பு ஆலைகளிலும் பண்ணைகளிலும் உழைத்த பஞ்சாபியரின் கூலிப் பணத்தில் நடந்தது; அன்றைய நெல்லூர் மாவட்டத்துக் கனிகிரியைச் சேர்ந்த தரிசி செஞ்சய்யாவும் அதில் இருந்தார். தமிழருக்கு அந்தக் களம் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் அமைந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றபின், போர்க்கைதிகளால் ஆன இந்திய தேசிய ராணுவத்தில் பால்மரம் வெட்டியவர்களும் கடைச் சிப்பந்திகளும் குமாஸ்தாக்களும் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. இந்தியாவைக் கண்ணாலும் பாராத தோட்டத்துப் பெண்கள் அதில் துப்பாக்கி ஏந்தினார்கள். நூறு பேரைத் தூக்கிலிட்டாலும் கலையாத ஒரு கூட்டம் அப்போதுதான் பிறந்தது.

இதற்கு மூன்று மறுப்புகள் உண்டு. இந்திய தேசிய ராணுவம் ஜப்பானின் கைப்பாவைப் படை என்பது முதலாவது. ஆயுதத்துக்கும் உணவுக்கும் அது ஜப்பானை நம்பியிருந்தது உண்மை. ஜப்பானிய ஆட்சியின் கொடுமையும் உண்மை. ஆனால் அந்தப் படையை முதலில் அமைத்த மோகன் சிங், ஜப்பானியருடன் முரண்பட்டதால் 1942 டிசம்பரில் கைதானார். முதல் படையே கலைந்தது. கைப்பாவை கையோடு சண்டையிடாது. இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: தோட்டத் தொழிலாளர் தேசப்பற்றால் சேரவில்லை, பசியாலும் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போவார்களோ என்ற அச்சத்தாலும் சேர்ந்தார்கள் என்பது. பல்லாயிரம் தமிழர் மடிந்த அந்தப் பாதையை நினைத்தால் அச்சம் இயல்பே. ஆயினும், ஜப்பான் வருவதற்கு முன்பே, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு என்ற கோரிக்கைகளோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதையும் கேட்டார்கள். அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதன் கைதானார், துருப்புகள் சுட்டதில் தொழிலாளர் இறந்தார்கள். சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவனுக்குத் தன்மானத்தை எந்த நேதாஜியும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பசியும் மானமும் ஒரே வயிற்றில்தான் இருந்தன.

மூன்றாவது மறுப்பு, இம்பாலில் அந்தப் படை தோற்றது, விடுதலை அறவழியில் வந்தது என்பது. 1944இல் தோற்றது உண்மைதான். ஆனால் 1945 நவம்பரில் செங்கோட்டையில் விசாரணை தொடங்கியபோது நாடே அந்தப் படையின் பக்கம் நின்றது. காங்கிரஸ் தலைவர்களே வழக்காட வந்தார்கள். 1946 பிப்ரவரியில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தார்கள். அறவழியையும் ஆயுத வழியையும் எதிரெதிராக நிறுத்துவது நம் வசதிக்காகத்தான்; அவற்றின் பின்னால் நின்ற மக்கள் பெரும்பாலும் ஒருவரே. மலாயாவில் இந்தத் தொடர்ச்சி இன்னும் தெளிவு. அப்படையில் இருந்த எஸ்.ஏ. கணபதி, போருக்குப் பின் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் பிரிட்டிஷார் அவரைத் தூக்கிலிட்டார்கள். இந்தியா விடுதலை பெற்று ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆன பிறகு! பேரரசு எதற்கு அஞ்சியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனவே இந்த அரங்கின் அமர்வுகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. தலைவர்களின் பயணங்களை நாம் போதுமான அளவு எழுதிவிட்டோம். இனித் தோட்டப் பதிவேடுகளையும் கப்பல் பயணிகள் பட்டியல்களையும் முகாம் ஆவணங்களையும், இந்தக் கரையோரக் குடும்பங்களின் நினைவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த ஏரியில் பாடு முறை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கிறது. தலைக்கட்டுக் கணக்கில் பெயர் இல்லாதவருக்கு நீரில் பங்கில்லை. வரலாற்றின் கணக்கும் அப்படித்தான் இதுவரை நடந்திருக்கிறது. விடுபட்ட தலைக்கட்டுகளை எழுதிச் சேர்க்கும் வேலையை இன்று தொடங்குவோம். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.