புற்றுநோய் ஆராய்ச்சியும் செயற்கை அறிவும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புற்றுநோய் ஆராய்ச்சியில் செயற்கை அறிவைப் பயன்படுத்தும் விஞ்ஞானிகளின் வேலை யாது என்பதை விளக்குமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாமும் அத்தொழிலையே மேற்கொண்டுள்ளமையால் அவர்தம் கட்டளையைத் தலைமேற் கொண்டோம். இனி மருத்துவரே வேண்டா, எல்லாவற்றையும் இயந்திரமே கண்டு கூறிவிடும் என்பார் ஒரு சாரார். உயிரை இயந்திரத்தினிடம் ஒப்புவிப்பதா என்று அஞ்சுவார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஏற்புடையன அல்ல. இயந்திரம் தனக்குக் காட்டியதையே கற்கும். அது கற்றது மெய்யா பொய்யா என்று சோதித்து அறிவதே விஞ்ஞானியின் கடமை. யாம் இன்று கூறப் புகுந்தது இவ்வொன்றே.

முதற்கண் இயந்திரம் கற்கும் முறையைக் கூறுவாம். நோயுற்ற உறுப்பினின்றும் மெல்லிய துண்டொன்றை எடுத்து, நீலமும் இளஞ்சிவப்புமாகிய சாயங்களைத் தோய்த்துக் கண்ணாடிச் சில்லின்மீது வைத்து, நுண்பெருக்கியால் நோக்குவது மருத்துவர் வழக்கம். அதனைப் படமாக்கிக் கணினிக்குக் கொடுக்கிறோம். இவ்விடம் புற்று, இவ்விடம் நல்ல தசை என்று கைதேர்ந்த மருத்துவர் கோடிட்டுக் காட்டுவர். கணினி அப்படத்தைச் சிறு சிறு சதுரங்களாக்கி, ஒவ்வொன்றையும் இன்னதென்று ஊகிக்கும். ஊகம் பிழைத்தால் தன் கணக்கைச் சிறிது திருத்திக்கொள்ளும். இங்ஙனம் இலட்சக்கணக்கான முறை திருத்திக்கொண்ட பின்னரே அதற்கு ஓரளவு தேர்ச்சி உண்டாகிறது. ஆகவே அதன் ஆசான் மருத்துவரே என்பதை எவரும் மறத்தலாகாது.

இம்முறையால் விளைந்த பயன் சிறிதன்று. நெதர்லாந்து தேசத்தில் 2016ஆம் ஆண்டில் ஒரு போட்டி நடந்தது. மார்பகப் புற்று நெறிக்கட்டிகளுக்குப் பரவியுள்ளதா என்பதை 129 சில்லுகளில் காணவேண்டும். நோயியல் மருத்துவர் பதினொருவர் அன்றாட வேலையின் வேகத்திலேயே அவற்றைப் பார்த்தனர். வேறொருவர் காலவரையறையின்றி ஏறக்குறைய 30 மணி நேரம் அமர்ந்து பார்த்தார். போட்டியில் முதன்மை பெற்ற கணினி முறை, அப்பதினொருவரினும் மேம்பட்டு, பொறுமையாகப் பார்த்த அவ்வொருவருக்கு நிகராக நின்றது. மருத்துவர்க்கு அறிவு குறைவு என்பது இதன் பொருளன்று. ஓய்வு குறைவு என்பதே பொருள்.

சுவீடன் தேசத்தில் 2021இல் தொடங்கிய பரிசோதனை இதனினும் பெரிது. அங்கே ஒவ்வொரு மார்பக எக்ஸ்ரேப் படத்தையும் மருத்துவர் இருவர் பார்ப்பது மரபு. ஏறக்குறைய 1,06,000 மகளிரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்குப் பழைய முறையையும், மற்றொரு பகுதியாருக்கு இயந்திரத் துணையையும் அமைத்தனர். இயந்திரம் ஐயமின்றியுள்ள படங்களை ஒருவருக்கும், ஐயத்திற்குரியவற்றை இருவருக்கும் அனுப்பியது. 2025இல் வெளியான முடிவின்படி, பழைய முறையில் 262 பேருக்கும், புதிய முறையில் 338 பேருக்கும் புற்று கண்டறியப்பட்டது. படம் பார்க்கும் வேலையோ நூற்றுக்கு 44 பங்கு குறைந்தது. இங்கும் முடிவு கூறியவர் மருத்துவரே என்பது நோக்கத்தக்கது.

நிற்க. இனி இத்தொழிலின் இடர்ப்பாட்டைக் கூறுவாம். ஐயத்திற்குரிய மறுக்களைத் தோலில் ஊதா மையால் குறியிடுவது மருத்துவர் வழக்கம். ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர், 2019இல், தீங்கற்ற மறுக்களின் பக்கத்தில் அம்மையால் கோடிட்டு இயந்திரத்திற்குக் காட்டினர். கோடில்லாதபோது நல்லதென்று கூறிய பல மறுக்களை, கோடிட்டதும் அது புற்றென்று கூறியது! அது நோயைக் கற்றதோடு நில்லாது மையையும் கற்றிருந்தது. அமெரிக்காவில் பல மருத்துவசாலைகளினின்று திரட்டிய சில்லுப் படங்களை 2021இல் ஆராய்ந்தவர்கள், சாயத்தின் சாயல் முதலியவற்றைக் கொண்டே அப்படம் எந்த மருத்துவசாலையது என்பதை இயந்திரம் அறிந்துகொள்ளும் என்று காட்டினர். ஒரு மருத்துவசாலைக்கு முற்றிய நோயாளரே மிகுதியாக வருவராயின், அச்சாயலையே முற்றிய நோயின் அடையாளமென்று அது கொள்ளுமன்றோ?

ஆதலின் எம்முடைய நாட்களிற் பெரும்பகுதி புதுமை காண்பதிற் கழிவதில்லை. இயந்திரம் எதைக் கண்டு அவ்வாறு கூறிற்று, வேறு ஊர்ப் படத்திலும் அதனையே கூறுமா, ஒரே நோயாளியின் படம் பாடத்திலும் பரீட்சையிலும் கலந்துவிட்டதா என்று துருவித் துருவி வினவுவதிலேயே கழிகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்று விடை வந்தால் யாம் முதலில் மகிழ்வதில்லை, ஐயுறுகிறோம். ஏனெனில், புற்று இல்லையென்று தவறிக் கூறினால் ஓர் உயிர் போகும். உண்டென்று தவறிக் கூறினால் நலமுள்ள ஒருத்தி கத்திக்கு உடல் கொடுப்பாள்.

மற்றொன்று நம்மவர்க்கு மிகவும் உரியது. தோல் நோய்களைக் காணும் இயந்திரங்களை 2022இல் அமெரிக்காவில் சோதித்தபோது, வெள்ளை நிறத்தாரிடத்தினும் கருநிறத்தாரிடத்தில் அவை மிகுதியாகப் பிழைத்தன. அவர்தம் படங்கள் பாடத்தில் அருகியிருந்தமையே இதற்குப் பெருங் காரணம். இக்குறையை நீக்கும் வழியும் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியை ரெஜினா பார்சிலே அம்மையார் 2014இல் மார்பகப் புற்றுக்கு ஆளாகி, மீண்டு, தம் கணினிப் புலமையை இந்நோயின் ஆராய்ச்சிக்கே திருப்பினார். வரக்கூடிய மார்பகப் புற்றை முன்னறிந்து கூற அவர் குழுவினர் அமைத்த 'மிராய்' என்னும் முறையை, அமெரிக்கா, இஸ்ரேல், சுவீடன், தைவான், பிரேசில் ஆகிய ஐந்து நாடுகளின் ஏழு மருத்துவசாலைகளிற் சோதித்தனர். பிற நாட்டார் உடலிற் சரியெனக் கண்டதை நம் நாட்டார் உடலிலும் இங்ஙனம் சோதித்த பின்னரே ஏற்றல் வேண்டும். அதற்கு நம் மருத்துவசாலைகளின் குறிப்புகள் ஒழுங்காக இருத்தல் வேண்டும். நோயாளியின் பெயரும் மானமும் காக்கப்படுதலும் வேண்டும்.

துணை மிகுந்தால் கைத்திறன் மழுங்கும் என்பதையும் மறைக்கமாட்டோம். போலந்து தேசத்தில் குடலுள் நோக்கும் மருத்துவரை ஆராய்ந்து 2025இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. இயந்திரத் துணை வருமுன் நூற்றுக்கு 28.4 பேரிடம் புற்றாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டவர்கள், துணைக்குப் பழகியபின் அஃதில்லாது பார்த்த வேளைகளில் 22.4 பேரிடமே கண்டனர். ஊன்றுகோல் நல்லதே; அதற்காகக் காலை மறந்துவிடலாகாது.

மாணவர்களே! இத்துறைக்கு வர விரும்புவோர் கணினி மொழியொன்றைக் கற்றால் போதுமென்று எண்ணற்க. புள்ளியியலும் உயிரியலும் கற்மின்; மருத்துவரின் பக்கத்தில் அமர்ந்து நோயாளியின் துன்பத்தையும் காண்மின். சங்கத்துக் கல்வி நிதியைப் பொறுப்பிற் கொண்ட பெரியோர்களே! இக்கல்விக்குப் பெண் மக்களும் தகுதியுடையர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

தாய்மார்களே! சுவீடன் தேசத்தில் அத்தனை பேருக்கு நோய் முன்னதாகப் புலப்பட்டதற்கு இயந்திரம் பாதிக் காரணமே. அழைத்தபோது அம்மகளிர் வந்தனர் என்பது மற்றப் பாதி. நம் இல்லங்களிலோ, மார்பில் கட்டி தோன்றினால் அதைக் கணவனிடத்தும் மகளிடத்தும் கூற நாணி, மாதக்கணக்கில் மறைத்து, வலி பொறுக்கவியலாத நாளில் மருத்துவரை நாடுவோர் இன்னும் உளர். புற்றுநோய் பாவத்தின் பயனன்று, ஒட்டுவாரொட்டியுமன்று, குடும்பத்திற்கு இழுக்குமன்று. அஃது உடலின் நோய். முன்னரே கண்டால் பெரும்பாலும் தீர்க்கத்தக்க நோய். எத்துணை நுட்பமான இயந்திரத்தை யாம் அமைப்பினும், தன் முன் வாராதவரை அது காணமாட்டாது. ஆதலின் வெட்கத்தை ஒருபுறம் வைத்து, வேளையில் சோதித்துக்கொள்ளுங்கள். நும் மக்களையும் மருமக்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

நோயற்ற வாழ்வு எல்லார்க்கும் எய்துக!