108-க்குப் போன் பண்ண யாரைக் கேட்கணும்?



திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிற நண்பர்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் இந்த உரை. ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாமுங்க.

ராத்திரி எட்டு மணி. ஒன்றரை ஷிப்ட் ஓடிட்டு இருக்கு. பக்கத்து ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். முதல் போன் யாருக்குப் பண்ணுவீங்க?

மனசுல உடனே வர்ற பதில், "சூப்பர்வைசருக்கு." சூப்பர்வைசர் மேனேஜரைக் கூப்பிடுவார், மேனேஜர் முதலாளியைக் கூப்பிடுவார். "ஆஸ்பத்திரிச் செலவை யார் பார்க்கறது?" என்ற கேள்வி அதற்குள் வந்துவிடும். இதெல்லாம் முடிந்து யாராவது ஒருத்தர் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப் போவார். இத்தனைக்கும் யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. ஆனால் நிமிஷங்கள் போய்விட்டன.

இந்தத் தயக்கத்துக்கு நம்ம ஊரில் காரணம் இருக்கிறதா? மற்ற நாடுகளில் ஆம்புலன்ஸ் எப்படி வருகிறது என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

முதலில் அமெரிக்கா. அங்கே எண் 911. பயிற்சி பெற்ற ஆட்களும் நல்ல வண்டிகளும் உண்டு. 1986-ல் வந்த சட்டப்படி, அவசர நிலையில் வருபவரிடம் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் மருத்துவமனை முதல் சிகிச்சை தர வேண்டும். ஆனால் பில் பின்னாலேயே வீட்டுக்கு வரும். ஒரு தடவை ஆம்புலன்ஸில் போனதற்கே ஆயிரம் டாலரைத் தாண்டிய பில் வருவது அங்கே புதிதல்ல. எதிர்பாராத மருத்துவ பில்களைக் கட்டுப்படுத்த 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் விமான ஆம்புலன்ஸைச் சேர்த்துக்கொண்டது. ரோட்டில் ஓடும் ஆம்புலன்ஸை வெளியே விட்டுவிட்டது. அதனால் நெஞ்சுவலி வந்தவர்கூட, ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா, வாடகைக் காரில் போய்விடலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர் தயங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

அடுத்து இங்கிலாந்து. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். தீயைப் பார்த்த அக்கம்பக்கத்துக்காரர் உடனே போன் பண்ணியும், அந்த அழைப்பு எக்ஸ்சேஞ்சில் மற்ற அழைப்புகளோடு வரிசையில் நின்றது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 999. 1937 ஜூன் 30-ல் லண்டனில் தொடங்கிய அதுதான் உலகின் முதல் அவசர எண். 'இடையில் யாரும் இல்லாமல் நேராகப் போன் போகணும்' என்பதுதான் அவசர எண்ணின் அடிப்படையே. அங்கே ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. ஆனால் காத்திருப்பு ஒரு பெரிய பிரச்சினை. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அழைப்புகளுக்குச் சராசரியாக 18 நிமிடத்தில் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. 2022 டிசம்பரில் அந்தச் சராசரி 90 நிமிடத்தைத் தாண்டியது.

பிரான்ஸில் 15-ஐக் கூப்பிட்டால் போனிலேயே மருத்துவர் பேசுவார். நிலைமை மோசம் என்று அவர் முடிவு செய்தால், மருத்துவரே ஏறி வரும் வண்டியை அனுப்புவார். சிங்கப்பூரில் 995. அங்கே ஒரு கைபேசிச் செயலியும் உண்டு. யாருக்காவது இதயம் நின்றுவிட்டால், சுமார் 400 மீட்டருக்குள் இருக்கும் தன்னார்வலர்களின் போனுக்குத் தகவல் போகும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர்கள் ஓடி வந்து நெஞ்சை அழுத்தத் தொடங்குவார்கள். இதயம் நின்ற பிறகு, யாரும் எதுவும் செய்யாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 108 சேவை 2005 ஆகஸ்ட் 15-ல் ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் இருந்து ஓடுகிறது. போனுக்கும் காசு இல்லை, வண்டிக்கும் காசு இல்லை. வண்டியில் ஓட்டுநரோடு பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் வருவார். ஆக்சிஜன் கொடுப்பதும், ரத்தத்தை நிறுத்துவதும் வழியிலேயே தொடங்கிவிடும். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகும்போது இது எதுவும் கிடைக்காது.

இந்த முறையைப் பார்த்துத்தான் இலங்கையிலும் தொடங்கினார்கள். 'சுவசெரிய' என்ற பெயரில், 1990 என்ற எண்ணில், இந்திய அரசின் நிதியுதவியோடு 2016-ல் அந்த இலவச ஆம்புலன்ஸ் முதலில் மேல், தென் மாகாணங்களில் ஓடத் தொடங்கியது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் நடந்த விழாவோடு வடக்குக்கும் வந்தது. அக்கம்பக்கத்து நாடு எடுத்துக்கொண்ட ஏற்பாடு நம்ம கையில் இருக்கிறது. அதைக் கூப்பிட நாம் ஏன் இன்னொருத்தர் அனுமதிக்குக் காத்திருக்கணும்?

"ஆஸ்பத்திரியில காசு கேட்பாங்களே?" என்பது அடுத்த பயம். இதை இரண்டாகப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்க.

சாலை விபத்து என்றால், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கும்போது அறிவித்த வரம்பு ஒருவருக்கு ரூ.1 லட்சம். காப்பீட்டு அட்டை வேண்டாம். எந்த மாநிலம், எந்த நாடு என்று கேட்பதில்லை. நம்ம வட்டாரத்துக்கு இது ரொம்ப முக்கியம். 2020 பிப்ரவரி 20 விடியற்காலையில், பெங்களூரில் இருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பேருந்து அவிநாசி அருகே கன்டெய்னர் லாரியோடு மோதியதில் 19 பேர் இறந்தது நினைவிருக்கும். நம்ம சாலையில் அடிபடுபவர் நம்ம ஊர்க்காரராகத்தான் இருக்கணும் என்பதில்லை. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து நம்மோடு தைக்கிற தம்பிகளுக்கும் இதே உரிமை உண்டு.

கம்பெனிக்குள் நடக்கும் விபத்துக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. மெஷினில் கை மாட்டுவது, பாய்லர் பக்கம் சுட்டுக்கொள்வது, சாயப்பட்டறையில் கெமிக்கல் தெறிப்பது எல்லாம் இ.எஸ்.ஐ.யில் வரும். மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். உங்க பேர் பதிவாகியிருக்கிறதா என்று நல்லா இருக்கும்போதே கேட்டு, எண்ணைப் போனில் சேமித்துவையுங்க. எந்த அட்டையும் இல்லாவிட்டாலும் தாராபுரம் ரோட்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவசர நிலையில் வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

"உதவி பண்ணப் போய் போலீஸ் கேஸ்ல மாட்டிக்குவோமா?" என்றும் பயப்பட வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்ல எண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. பேர், விலாசம் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆக, தயங்குவதற்கு அமெரிக்கத் தொழிலாளிக்கு இருக்கிற காரணம் நமக்கு இல்லை. நம்ம நேரம் வீணாவது பணத்தால் இல்லைங்க. இரண்டு இடத்தில்தான் அது போகிறது: யாரைக் கேட்பது என்ற யோசனையில், அப்புறம் இடத்தைச் சொல்வதில்.

108-ஐ எடுப்பவர் உங்க தெருக்காரர் இல்லை. மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர். "புஷ்பா தியேட்டர் ஸ்டாப்புக்குப் பின்னாடி" என்றால் நமக்குப் புரியும், அவருக்குப் புரியணுமே? முதலில் மாவட்டம், அப்புறம் ஊர், மெயின் ரோடு, கடைசியாகப் பக்கத்தில் இருக்கும் கோயிலோ பெட்ரோல் பங்க்கோ, இந்த வரிசையில் சொல்லுங்க. நோயாளியின் நிலைமையைச் சொல்லி, அவர் கேட்பதற்குப் பதில் சொல்லுங்க. அவர் வைக்கும் வரை நீங்க போனை வைக்காதீங்க. ஒருத்தரை மெயின் ரோட்டில் நிறுத்துங்க. லைன் வீடுகளும் சந்துகளும் நிறைந்த ஊரில் அந்த ஒருத்தர்தான் வண்டிக்கு வழிகாட்டி.

அதுவரைக்கும் செய்ய வேண்டியது: கரண்ட் அடித்திருந்தால் மெயினை அணைக்காமல் ஆளைத் தொடாதீங்க. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்க. துணிக்கு நம்ம ஊரில் பஞ்சமில்லை. மூச்சும் பேச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்க. முகம் ஒருபக்கம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். "தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிடும்" என்று விட்டுவிடாதீங்க.

இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்க. உங்க போனில் 'அவசரத் தகவல்' என்ற பகுதியில் ரத்த வகையையும் வீட்டு ஆள் ஒருத்தர் எண்ணையும் போடுங்க. போன் பூட்டியிருந்தாலும் அதைப் பார்க்கலாம். கம்பெனியின் முழு விலாசத்தை எழுதி மெஷின் ஹாலில் ஒட்டச் சொல்லுங்க. வடமாநிலத் தம்பிகள் தங்கும் விடுதியில் அதே தமிழ் விலாசத்தை இந்தி எழுத்திலும் ஒடியா எழுத்திலும் எழுதி ஒட்டுங்க. தமிழ் படிக்கத் தெரியாதவரும் போனில் வாசித்துச் சொல்லிவிடலாம்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஆபத்துன்னா முதல்ல 108, அப்புறம் எனக்குச் சொன்னாப் போதும்" என்று உங்க வாயால் ஒரு தடவை எல்லோர் முன்னாடியும் சொல்லிவிடுங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அங்கே பல பேர் காத்திருக்கிறார்கள்.

உயிர் ஆபத்துக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. காவல், தீயணைப்பு உள்பட எந்த அவசரத்துக்கும் 112. கூப்பிட யாரையும் கேட்க வேண்டியதில்லைங்க.