சொல்லும் ஒரு மருந்துதான்

(திருத்தணியில், உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



“மருத்துவத் துறைக்குப் போகணும் டீச்சர்” என்று ஒரு மாணவி சொன்னால், நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நீட். அடுத்து செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர். இந்தப் பட்டியலில் நாம் சேர்க்காத ஒன்று, மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பணி.

விளம்பர வேலைதானே என்று தோன்றலாம். 2017 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம். மருந்து இருந்தது, போடுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பல பெற்றோர் மறுத்தார்கள். முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. குறை மருந்தில் இல்லை. சரியான சொல் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம் என்று அன்று பெற்றோரிடம் பொறுமையாக விளக்கிய ஆசிரியர்கள் செய்தது மக்கள் தொடர்புப் பணியேதான்.

இன்னொரு நிகழ்வு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மாணவர் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான பெற்றோர் அவர் உறுப்புகளைத் தானம் செய்தனர். தமிழ்நாடே அதைப் பேசியது. செப்டம்பர் 23 உறுப்பு தான நாளாயிற்று. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023இல் முதலமைச்சர் அறிவித்தார்.

எல்லாப் பெற்றோரும் மருத்துவர்கள் அல்லர். செயற்கைச் சுவாசக் கருவியால் மார்பு ஏறி இறங்கும் மகனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயிடம், மூளைச்சாவு என்றால் என்னவென்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரின் வேலை அது. அவசரப்படுத்தக் கூடாது. “வேண்டாம்” என்றால் மதித்து விலக வேண்டும். இந்தப் பணியின் பொருள் அங்கேதான் இருக்கிறது. மருத்துவமனையின் பெயரைக் காப்பதைவிட, எதிரே நிற்பவரின் நம்பிக்கையைக் காப்பது பெரிது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் பலம் உண்டு. 1960இல் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுடன் இணைந்த பகுதி இது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று வளர்பவர்கள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். வலியைத் தாய்மொழியில் கேட்டுக்கொள்ளும் ஒருவர் கிடைத்தால், நோயாளிக்குப் பாதி பயம் போய்விடும்.

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் இந்தப் பக்கம் வரலாம். இதழியல், காட்சித் தொடர்பியல், சமூகப்பணி, மருத்துவமனை நிர்வாகம் எனப் பல வழிகள் உண்டு. அதே சமயம் இதிலுள்ள சிரமத்தையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். கோபத்தோடு வரும் உறவினருக்குப் பதில் சொல்ல வேண்டும். நோயாளியின் விவரத்தை யாரிடமும் வெளியிடாமல் காக்க வேண்டும். தவறு நடந்தால் மூடி மறைக்கச் சொல்லும் நெருக்கடியும் வரலாம். அப்போது உண்மையின் பக்கம் நிற்கத் துணிவு வேண்டும்.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு சிறு பயிற்சி கொடுத்துப் பாருங்கள். ‘வயிற்றுப்போக்குக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் ஏன்?’ என்பதை, படிக்காத பாட்டிக்குப் புரியும்படி இரண்டே நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பின்தங்கிய ஒரு பிள்ளை அதை அழகாகச் சொல்லக்கூடும். அந்தப் பிள்ளைக்கு இப்படியொரு வழி இருப்பதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.