ஒரே பேரு, வேற எடை: என் அம்புக் கதை

இன்னைக்குக் கொஞ்சம் வில்வித்தை பேசலாம்.

என்கிட்ட மூணு வருஷப் பழசா ஆறு கார்பன் அம்பு இருந்துச்சு. நாலு மாசம் முன்னாடி அதே மாடல், அதே 500 ஸ்பைன்ல இன்னும் ஆறு வாங்கி, எல்லாத்தையும் கலந்து வச்சுட்டேன். 18 மீட்டர்ல பிரச்சினையே இல்லை. 70 மீட்டர் போனதும் சில அம்பு நடுவுல, சில அம்பு அரைச் சாண் கீழ.

என் ரிலீஸ்தான் தப்புன்னு முடிவு பண்ணி, மூணு வாரம் அதை மாத்திக்கிட்டே இருந்தேன். தோள்வலிதான் மிச்சம். கிளப் செலக்‌ஷன் ரவுண்டும் சொதப்பல்.

அப்புறம்தான் அம்புகளுக்கு நம்பர் போட்டேன். கீழ போனது எல்லாமே புதுசு! நீளம், முனை எல்லாம் ஒண்ணுதான். சமையல் தராசுல வித்தியாசம் தெரியல. நகை நிறுக்கிற குட்டித் தராசுல வச்சா, பழசு 22.60 கிராம், புதுசு 23.05. அதாவது சுமார் 7 கிரெய்ன், 2 சதவீதம் அதிகம்.

ஸ்பைன்ங்கிறது எடை இல்லை, வளைவு. 28 இன்ச் இடைவெளியில தாங்கி, நடுவுல 1.94 பவுண்டு தொங்கவிட்டா அரை இன்ச் வளையுற தண்டுதான் 500. கார்பன் இழையோ, சுவர்த் தடிமனோ மாறினா, அதே வளைவை வேற எடையிலயும் கொண்டு வரலாம்.

இப்போ கணக்கு. நொடிக்கு 58 மீட்டர் வேகத்துல போற அம்பு, 70 மீட்டர் கடக்க 1.2 நொடி ஆகும். அதுக்குள்ள புவியீர்ப்பு அதை 7 மீட்டர் கீழ இழுத்துடும். வில் கொடுக்கிற ஆற்றல் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால 2 சதவீதம் எடை கூடினா, இறக்கமும் கிட்டத்தட்ட 2 சதவீதம் கூடும். அதிகபட்சம் 14 சென்டிமீட்டர். 10 பாயின்ட் வட்டத்தோட ஆரமே 6.1 சென்டிமீட்டர்தான்! 18 மீட்டர்ல இதே வித்தியாசம் 1 சென்டிமீட்டர்கூட வராது. அதான் அங்க மாட்டல.

லைப்ரரி பேரு ஒண்ணா இருந்தாலும் பில்டு மாறியிருக்கும்னு ஆபீஸ்ல தினமும் பார்க்கிறவன் நான். அம்புல மட்டும் லேபிளை நம்பிட்டேன்.

புது அம்பு வாங்கினா முதல்ல ஒவ்வொண்ணையும் நிறுத்து, எடையைத் தண்டுலயே எழுதுங்க. பழசையும் புதுசையும் தனித்தனி செட்டா வைங்க. அதுக்கப்புறமும் கீழ போச்சுன்னா, அப்போ உங்க ரிலீஸைச் சந்தேகப்படுங்க.

நான் பழைய ரிலீஸுக்கே திரும்பிட்டேன். தோளும் பரவாயில்லை. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!